ரீச்சரைக் கேளுங்கள்: படலை இல்லாத ஊரில் மூன்று மாதம்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே "சுவிஸில் மகளோடு நின்றபோது" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த முறை முழுக்க அதையே கதைப்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் அங்கே உழைத்து வரி கட்டி வாழ்ந்தவள் இல்லை. பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் மகளின் மாடிவீட்டில், வெவ்வேறு வருடங்களில் மூன்று தடவை, தடவைக்கு மூன்று மாதம் நின்றவள். ஒரு இலையுதிர்காலம், ஒரு குளிர்காலம், ஒரு கோடை. விருந்தாளிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும்.

*ரீச்சர், கலண்டர் படத்தில் பார்க்கிற மாதிரியேதான் இருக்குமா அந்த நாடு? (விசுவமடு வாசகி)*

இருக்கும், கண்ணுக்குத் தெரிந்தால். நான் முதலில் போனது புரட்டாதியில். சில வாரம் வானம் நீலம், மலை வெள்ளை, எல்லாம் படத்தில் உள்ளபடி. கார்த்திகை பிறந்ததும் ஒரு பனிப்புகார் வந்து மூடியது பாருங்கள், சட்டிக்கு மூடி போட்ட மாதிரி, பத்துப் பன்னிரண்டு நாளாகச் சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. குளிர்ந்த காற்று தாழ்ந்த நிலத்தில் தேங்கி நின்றுவிடுகிறதாம், மேலே வெப்பமான காற்று, அதனால் கீழே இருக்கிறது எழும்பி ஓட வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் "மாமி, வெளிக்கிடுங்கோ, வெயில் பார்க்கப் போவம்" என்று மலையேறுகிற ரயிலில் கொண்டுபோனார். பாதி வழியில் புகார் எங்கள் காலுக்குக் கீழே போய்விட்டது. பொங்கின பால் அப்படியே உறைந்த மாதிரிக் கீழே முழு வெள்ளை, அதற்கு மேலே யுங்பிராவ் மலை, 4,158 மீற்றர். எங்கள் நாட்டில் மிக உயரமான பீதுருதலாகலை 2,524 மீற்றர்தான். நானும் என் வயதுக்காரர்கள் நாற்பது ஐம்பது பேரும் வாங்கில்களில் வரிசையாக இருந்து முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்தோம். வெயிலை விலை கொடுத்து ரிக்கெற் எடுத்துப் பார்க்கப் போன முதல் கிளிநொச்சிக்காரி நானாகத்தான் இருக்கும்.

*அங்கே ரயில் ஒரு நிமிடம்கூடப் பிந்தாதாமே? (மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி)*

பிந்தும், தம்பி. மூன்று நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு எழுதுகிறார்கள். அதற்கு மேல் போனால் மேடையில் நிற்கிற சனத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும், வீட்டில் துக்கம் நடந்த மாதிரி இருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக ரயில் இல்லாமல் இருந்து, 2013 இல் கிளிநொச்சிக்கு அது திரும்பி வந்தபோது தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தவள் நான், எனக்கு நாலு நிமிடம் ஒரு பிந்தலாகவே படவில்லை.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய நிலைய மணிக்கூடு. வெள்ளை முகம், கறுப்புக் கோடுகள், நொடிமுள் மட்டும் சிவப்பு, அதன் நுனியில் ஒரு வட்டம். ரயில் புறப்பட உத்தரவு கொடுக்கிறவர் கையில் தூக்கிக் காட்டிய தட்டின் வடிவம் அது. ஹான்ஸ் ஹில்பிக்கர் என்ற பொறியியலாளர் 1944 இல் அமைத்தது, சிவப்பு முள் அதற்குச் சில வருடம் பிந்தி வந்தது. அந்த முள் 58 நொடி சொச்சத்தில் ஒரு சுற்றை முடித்துவிட்டு 12 இல் வந்து மூச்சு விடாமல் நிற்கும். தலைமை மணிக்கூட்டிலிருந்து சமிக்ஞை வந்ததும் நிமிடமுள் ஒரு துள்ளுத் துள்ளும், சிவப்பு மறுபடி ஓடும். நாட்டில் உள்ள எல்லா நிலையத்தையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கிற உபாயம். அது நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்று ஒரு நாள் ரயிலையே விட்டுவிட்டேன், மகளிடம் நல்ல ஏச்சு.

ரிக்கெற் விலை மட்டும் நெஞ்சை அடைக்கும். அரைக் கட்டண அட்டை ஒன்று விற்கிறார்கள், நிற்கப் போகிறவர்கள் முதல் வேலையாக அதை எடுங்கள். அட்டை இல்லாமல் 3,454 மீற்றரில் இருக்கிற யுங்பிராவ்யொக் நிலையத்துக்குப் போய் வந்தால் ஒரு ஆளுக்கு இருநூறு பிராங்குக்கு மேல் போய்விடும், அந்தக் காசைப் பெருக்கிப் பார்த்தால் பனியை ரசிக்க மனம் வராது. 1912 இலேயே மலைக்குள்ளால் குடைந்து அந்தப் பாதையைப் போட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துத்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

*உடுப்புத் தோய்க்கவும் முறை போட்டிருக்கிறார்களாமே? என் தங்கச்சி போனில் அழாக்குறையாகச் சொன்னாள். (முள்ளியவளை வாசகி)*

தங்கச்சி சொன்னது உண்மை. வாடகை மாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மெசின் கிடையாது, நிலக்கீழ் அறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. சுவரில் ஒரு அட்டவணை, உங்கள் முறை எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று. மகளுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய். எங்கள் ஊரில் கிணற்றடியில் வெயிலைக் கண்டால் தோய்ப்போம், மழை வந்தால் அள்ளிக்கொண்டு ஓடுவோம், இவ்வளவுதானே சட்டம். நான் ஒரு வியாழக்கிழமை கையாலேயே ஒரு சீலையை அலசி, கீழே கொடி சும்மாதானே கிடக்கிறது என்று விரித்துவிட்டேன். ஆறு யார் நீளச் சீலை, பக்கத்து வீட்டு அம்மாவின் நாளில், அவருடைய கொடியை முழுதாகப் பிடித்துக்கொண்டு.

பின்னேரம் போய்ப் பார்த்தால் சீலை காய்ந்து, நாலு மூலையும் பொருந்த மடித்து, ஒரு கதிரையில். மேலே ஒரு கடிதம். மகள் வாசித்து மொழிபெயர்த்தாள். மதிப்புக்குரிய அயலவருக்கு, இன்றைய நாள் என்னுடையது, அட்டவணையைப் பார்க்கவும், அத்துடன் மெசினின் பஞ்சு வடியைத் துப்புரவாக்கிவிட்டுப் போகும்படி எல்லாருக்கும் நினைவூட்டுகிறேன், நட்பான வணக்கங்களுடன். ஏசியிருந்தால்கூட நான் பதிலுக்கு இரண்டு சொல் சொல்லி அன்றே முடித்திருப்பேன். அந்த நட்பான வணக்கம்தான் மூன்று நாள் சோறு இறங்கவிடாமல் செய்தது.

*குப்பை போடவும் காசு என்பது உண்மையா? (ஒட்டுசுட்டான் வாசகர்)*

அநேகமான இடங்களில் உண்மை. ஊராட்சி விற்கிற பையில்தான் போட வேண்டும், 35 லீட்டர்ப் பை ஒன்று இடத்தைப் பொறுத்து இரண்டு பிராங்க் அளவில் வரும். பையின் விலைக்குள்ளேயே வரி. சென் கேலன் நகரம் 1975 இல் தொடங்கியது இது. சொப்பிங் பையில் கட்டி இருட்டோடு இருட்டாக வைத்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், பையை அவிழ்த்து உள்ளே கிடக்கிற கடித உறையில் முகவரி தேடித் தண்டம் அனுப்புகிற ஊர்கள் உண்டு. அதனால் போத்தல் வேறு, தகரம் வேறு, கடதாசி வேறாகச் சணல் கட்டி, பிளாஸ்ரிக் போத்தலைக் கடைவாசலில் உள்ள பெட்டிக்குக் கொண்டுபோய். கண்ணாடிப் போத்தலை நிறம் பார்த்துப் போட வேண்டும், ஞாயிறு போடக்கூடாது, உடைகிற சத்தம் கேட்குமாம். ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்து இறங்கி, எங்கள் வாய்க்கால் கரையோரம் கிடந்த சொப்பிங் பைகளைப் பார்த்த பிறகு அந்த எரிச்சலைப் பற்றி நான் கதைப்பதில்லை.

*வீட்டுக்கு வீடு பங்கர் இருக்கிறது என்று சுவிஸில் இருக்கிற அண்ணன் சொல்கிறார். பகிடி விடுகிறாரா? (புதுக்குடியிருப்பு)*

பகிடி இல்லை. 1963 இல் ஒரு சட்டம் வந்தது, அணுகுண்டுப் பயம் இருந்த காலம், குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு அறையில் ஒரு இடம் இருக்க வேண்டும் என்று. இன்றைக்கு நாடு முழுக்க ஏறக்குறைய 90 இலட்சம் பேருக்கு இடம் இருக்கிறது. மகளின் குடியிருப்பிலும் தோய்க்கிற அறைக்குப் பக்கத்தில்தான். ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீற் கதவு, இரும்புப் பிடி, உள்ளே காற்று வடிகட்டுகிற இயந்திரம். மற்றது என்னவென்றால், ஆறு வீட்டுக்காரரின் சைக்கிள்கள், பனியில் சறுக்குகிற பலகைகள், உருளைக்கிழங்குப் பெட்டி, மருமகன் தமிழ்க்கடையில் மலிவு விலைக்கு வாங்கிய ஐந்து மூட்டை அரிசி. நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை. பனங்குற்றி அடுக்கி, சீலையைக் கிழித்துத் தைத்த மூட்டையில் மண் நிரப்பி நாங்கள் வெட்டிய பங்கருக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. இங்கே சைக்கிளே நிமிர்ந்து நிற்கிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும், குளிர்காலத்தில் போகிற எங்கள் சனத்துக்கு யாராவது முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி முதல் புதன்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, நாடு முழுக்கச் சைரனை ஊதிச் சோதிக்கிறார்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒரு நிமிடம். மகள் வேலையில், சொல்ல மறந்துவிட்டாள். நான் புட்டுக்கு ஆவி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலத்தில் எங்களுக்குச் சைரன் கிடையாது, கிபிர் விமான இரைச்சல்தான் சைரன், இருந்தும் கை தானாகவே அடுப்பை நிறுத்தியது, நான் மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். சத்தம் ஓய்ந்த பிறகும் எழும்பவில்லை. பிறகு மெதுவாகச் சன்னலால் பார்த்தால் ஒரு வயதான அம்மா நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார், அந்த நாய்கூட நிற்கவில்லை. புட்டு அன்று அவிந்தும் அவியாமல்.

*என் மகன் "ஃபோன் காற்று அடிக்கிறது, தலையிடி" என்று சொல்கிறான். போனிலிருந்து காற்றா? ஒன்றும் விளங்கவில்லை. (முல்லைத்தீவு அம்மா)*

அம்மா, அது தொலைபேசி இல்லை, அல்ப்ஸ் மலையால் இறங்குகிற ஒரு காற்றின் பெயர். உங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த காற்று ஒன்று இருக்கிறது, கச்சான். இரண்டும் ஒரே சாதி. தென்மேற்குக் காற்று நுவரெலியாப் பக்கம் மலையில் ஏறும்போது மழையை அங்கேயே கொட்டிவிட்டு, மற்றப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி உங்கள் முற்றத்துக்கு வருகிறது. அங்கே அதே வேலையைத் தெற்கிலிருந்து வருகிற காற்று செய்கிறது, இத்தாலிப் பக்கத்துச் சரிவில் மழை, வடக்குப் பள்ளத்தாக்கில் வறண்ட சூடு. நடுக் குளிர்காலத்திலேயே சட்டென்று கோட்டைக் கழற்ற வைக்கும். அன்றைக்கு மலைகள் எட்டித் தொடலாம் போலக் கிட்ட நிற்கும், தலையிடி, எரிச்சல் எல்லாவற்றுக்கும் சனம் அந்தக் காற்றின் மேல்தான் பழி போடும். பகிடிக்கான காற்றும் இல்லை. 1861 மே மாதம் கிளாறுஸ் என்ற நகரத்தில் தீப்பிடித்தபோது இந்தக் காற்று ஊதி ஊதி அறுநூறு கட்டடம் அளவில் ஒரே இரவில் எரிந்துபோனது. கச்சான் காலத்தில் ஓலை வீட்டுக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டப் பயந்த எங்கள் பெரியவர்களுக்கு இது விளங்கும்.

தலைமயிர் காய வைக்கிற மெசினுக்கும் அங்கே அதே பெயர்தான். சிரிக்க வேண்டாம், கச்சான் என்று காற்றின் பெயரால் கடலை விற்கிற முறிகண்டி எங்கள் வழியில்தானே இருக்கிறது.

*அங்கே மாட்டுக்கு மனிதரைவிட மரியாதையாமே? (வவுனிக்குளத்திலிருந்து மாடு வளர்க்கும் ஒருவர்)*

ஐயா, மரியாதை உண்டு, பதிவு இலக்கமும் உண்டு. கோடை தொடங்க மாடுகளை மலைமேல் மேய்ச்சலுக்கு ஏற்றுகிறார்கள், புரட்டாதியில் இறக்குகிறார்கள். காலபோக விதைப்புக்கு முன்னம் நாங்கள் பட்டியைக் காட்டுப்பக்கம் சாய்த்துக்கொண்டு போய், வெட்டு முடியத் திரும்பக் கொண்டுவருகிறோமே, அதே கணக்கு. கீழே இருக்கிற புல்லை வெட்டிக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அங்கே காரணம். இறங்கி வருகிற நாளில் கொம்புக்குப் பூமுடி, கழுத்தில் குடத்தளவு மணி, றோட்டில் கார்கள் எல்லாம் ஒதுங்கி நிற்கும், கட்டுடைத்த மாட்டுப் பொங்கல்.

தூன் ஏரிக்கு மேலே யுஸ்ரிஸ்தால் என்ற பள்ளத்தாக்கில் அந்த நாளில் ஒரு பங்கு பிரிப்பும் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்த்தோம். கோடை முழுக்க மலையிலேயே காய்ச்சிய பாலாடைக்கட்டி, சில்லுப் போல வட்டம் வட்டமாக, கைக்குக் கை மாற்றிக் கொட்டிலுக்கு வெளியே எடுத்து அடுக்குகிறார்கள். யாருடைய மாடு எவ்வளவு பால் தந்ததோ அந்த அளவுக்குப் பங்கு, எந்தக் குவியல் யாருக்கு என்பதற்குச் சீட்டு. சண்டை இல்லை. எனக்கு எங்கள் குளத்துத் தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டங்கள் ஞாபகம் வந்தன, அதற்கு மேல் எழுதவில்லை.

தொல்லை என்னவென்றால் மணி. மேய்கிற மாடு இரவிலும் அசையும், அசைந்தால் மணி அடிக்கும். அது போதாதென்று தேவாலயமும் கால்மணிக்கு ஒருதரம் அடிக்கும், விடியற்காலை இரண்டேகாலுக்கும் அடிக்கும். இரவு பத்து மணிக்குப் பிறகு நாங்கள் தேங்காய் திருவக் கூடாது, மணி மட்டும் அடிக்கலாம்.

*மடு மாதா போல அங்கே கோயில் உண்டா? (மடு வாசகி)*

உண்டு பிள்ளை. ஐன்சீடெல்னில் கறுப்பு மாதா, பாசலுக்குப் பக்கத்தில் மரியாஸ்ரைன், அது குகைக்குள்ளே இருக்கிற மாதா, படி இறங்கிப் போக வேண்டும். இரண்டிடமும் எங்கள் சனம் நிறையப் போகிறது, சைவக்காரரும் நேர்த்தி வைத்துப் போகிறார்கள், மடுவுக்குப் போகிற மாதிரியே. பேர்ணில் 2014 இல் திறந்த சமயங்களின் இல்லம் என்ற ஒரே கட்டடத்துக்குள் எங்கள் சைவக்கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த, கிறிஸ்தவ வழிபாட்டிடங்களும் இருக்கின்றன. அதற்குள்ளும் செருப்பு மாறுகிறது.

*தண்ணீர் எப்படி? (நெடுங்கேணி)*

குழாய்த் தண்ணீர், தெருவோர நீரூற்றுத் தண்ணீர், எல்லாம் குடிக்கலாம், கூடாதென்றால் பலகையில் எழுதியிருக்கும். சிறுநீரக நோய்க்குப் பயந்து வடிகட்டிய தண்ணீரைக் கலனில் வாங்குகிற எங்களுக்கு இதுதான் முதல் பொறாமை. மற்றதெல்லாம் பிறகு.

*ஒருவர் 65 இலட்சம் கேட்கிறார், விசிற் விசாவில் போய் அங்கேயே வேலை எடுக்கலாம் என்கிறார். போகட்டுமா ரீச்சர்? (பரந்தன் தம்பி)*

வேண்டாம். விசிற் விசா 180 நாளில் 90 நாள் நிற்கத்தான், அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. என்னைக் கூப்பிட மகள் 30,000 பிராங்க் வரைக்கும் பொறுப்பு நிற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அனுமதியோடு இருக்கிறவர்களுக்கே மருத்துவக் காப்புறுதி கட்டாயம், மாதம் நூற்றுக்கணக்கில் ஆளுக்கு ஆள் போகிறது, அதற்கு மேல் வாடகை. 80 களில் போன அண்ணன்மார் உணவகங்களின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக் கழுவி வந்த நிலைதான் இன்று நீங்கள் படத்தில் பார்க்கிற கார். அந்தக் கதவு இன்று அப்படித் திறந்திருக்கவில்லை. அவர் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.

*மகளின் பிள்ளைப்பேற்றுக்கு முதல்தடவை போகிறேன், என்ன கவனிக்க வேண்டும்? (மல்லாவி அம்மா)*

காயம், சரக்கு, கொஞ்சம் ஒடியல் மா, போதும். மிளகாய்த்தூள் அங்கேயே கிடைக்கும், முருங்கைக்காய்கூடக் கிடைக்கும், விலையைக் கேட்காமல் சாப்பிடுங்கள். கருவாடு பொரிக்கிறதென்றால் மகளைக் கேட்டுவிட்டு. காலையும் மாலையும் சன்னலை விரியத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் சமையல் ஆவிக்குச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு வீட்டுக்காரரோடு வழக்கு. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, சனிக்கிழமையே பால் வாங்கி வையுங்கள். நடைபாதையில் மஞ்சள் பலகை கண்டால் மைல் கட்டைக் கணக்கைத் தேடாதீர்கள், நடக்க எத்தனை நிமிடம் என்றுதான் எழுதியிருக்கும், அதுவும் அவர்கள் காலுக்கு, எங்களுக்கு இரண்டால் பெருக்க வேண்டும். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் வணக்கம் சொல்வார்கள், பேர்ண் பக்கம் "குறூஸ்ஸெக்". திருப்பிச் சொல்லுங்கள், சந்தோசப்படுவார்கள்.

கஷ்டம் இதுகளில் இல்லை அம்மா. மகளும் மருமகனும் விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வருவார்கள். நாங்கள் மனம் சரியில்லையென்றால் செருப்பைக் கொழுவிக்கொண்டு நாலு படலை தள்ளிப் போய் "என்ன செய்யிறாய்" என்று கேட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிற ஆட்கள். அங்கே படலை இல்லை, கீழே ஒரு பலகையில் பெயர்களும் பொத்தான்களும். அழுத்தலாம், ஆனால் நாள் கேட்டு, நேரம் கேட்டுத்தான் போக வேண்டும், எங்கள் சனமும் இப்போது அப்படித்தான், வேலை முறை அவர்களுக்கும். பேரன் நாலரை வயதில் கழுத்தில் பளபளக்கிற முக்கோணப் பட்டியைப் போட்டுக்கொண்டு தனியாகப் பாலர் வகுப்புக்கு நடந்து போகிறான், பெற்றோர் கூட வர வேண்டாம் என்று ரீச்சர்மாரே சொல்கிறார்கள். ரீச்சராக எனக்கு அது சரியான பிடிப்பு, அம்மம்மாவாகச் சன்னலை விட்டு நகரவில்லை. புதன்கிழமை மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் விட்டுவிடும், அன்று பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, நான் போய்க் கடைசி வாங்கில் இருந்து கேட்பேன். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறையும் கடத்தினேன்.

அந்தச் சீலைக்கார அம்மா இருக்கிறாரே, கோடையில் படிக்கட்டில் கண்டு ஏதோ கேட்டார். பேரன் மொழிபெயர்த்தான், தேநீருக்கு வரலாமா, இந்த வியாழன் இல்லை, அதற்கு அடுத்த வியாழன், மூன்று மணி. மூன்றுக்குப் பொத்தான் அழுத்தினார், ஒரு போத்தல் பழப்பாகு தந்தார், என் வடையில் நாலு சாப்பிட்டார், நாலரைக்கு எழும்பிவிட்டார். இரண்டு பேரும் ஒரு பாசையும் இல்லாமல் ஒன்றரை மணித்தியாலம் என்ன கதைத்தோம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பத்திய மருந்துச் சரக்கை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் விளங்கப்படுத்த முடியாது.

*இரணைமடுவில் நீந்துகிற எங்களுக்கு அங்கே நீந்த இடமுண்டா? (கனகபுரம் தம்பி)*

ஆறு உண்டு. கோடை பின்னேரங்களில் பேர்ண்காரர் வேலை முடிந்ததும் உடுப்பை நீர் புகாத பையில் போட்டுக் கட்டிக்கொண்டு ஆறே என்ற பெயருள்ள ஆற்றில் குதித்து அப்படியே மிதந்து போவார்கள், அலுவலகக்காரர், கிழவிகள், எல்லாரும். தண்ணீர் பச்சைநீலம், பனி உருகி வருவது, நல்ல வெயிலிலும் 20 பாகை அளவில்தான். கரையேற சிவப்புக் கைபிடிக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள், கடைசிக் கம்பியை விட்டால் கீழே அணைக்கட்டு. குளத்தில் நீந்திப் பழகினவர்கள் இழுவைத் தண்ணீரில் உசார் காட்ட வேண்டாம். நான் கால் நனைத்தேன், முழங்கால்வரை, போதும் என்றது.

*திரும்பவும் போவீர்களா ரீச்சர்? (கிளிநொச்சி வாசகி)*

விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன். மாடு இறங்குவதற்கு முன்னம் கிடைத்தால் நல்லது.